அரிசி மில் ஷட்டருக்கு ஒரு மோட்டார்

மோட்டார் முதல் தடவை ஓடியபோது அங்கே இருந்தவர்கள்: வீட்டுக்காரர் அப்பாசாமி. அவர் மனைவி இருசாயி. அவர்களுடைய ஒரே மகன் அசோக். மோட்டாரை மாட்டிய சதீஷ்குமார். ஷெட்டுக்குள் ஒரு பிக்கப் வண்டி. வண்டியின் தலைமேல், யாரும் கூப்பிடாமல் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு பெட்டைக்கோழி.

ஷட்டர் இடுப்பு உயரம் வரை ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது. மேலே மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது, கம்பி கருகும் வாடை வந்தது. கோழி மட்டும் பயந்துபோய் வெளியே ஓடிவந்தது. மற்றவர்கள் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

"என்ன தம்பி, நின்னுபோச்சு?" என்றார் அப்பாசாமி.

"பாரம் தாங்கலீங்கய்யா. நான் கடையிலயே சொன்னனுங்களே."

சொன்னது உண்மைதான். சேந்தமங்கலத்துக் கடையில் சதீஷ்குமார் மூன்று மோட்டார்களை எடுத்து மேசையில் வைத்தான். பெரியது குடோனுக்கு, நடுவில் இருப்பது வீட்டுக்கு, சின்னது பெட்டிக்கடைக்கு என்று விளக்கினான்.

"பொட்டிக்கடைக்காரன் அதை வெச்சுத் தொறக்கறானா இல்லியா?" என்று அப்பாசாமி கேட்டார்.

"தொறக்கறானுங்க."

"மூடறானா?"

"மூடறானுங்க."

"அப்பறம் என்ன? அதையே குடு."

"கரண்ட் போனா கையில இழுத்துத் தொறக்கறதுக்கு ஒரு செயின் இருக்குதுங்க. அது தனி வெல."

"கரண்ட் போனா வண்டியும் ஊட்டுல கெடக்கட்டும். மழ பேஞ்சா நாம ஊட்டுல கெடக்கறதில்லியா?"

அப்பாசாமி கஞ்சன் என்று, மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில் யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அந்த ஷட்டரைப் பார்த்தாலே போதும், சொல்லத் தேவையிருக்காது. மூடிப்போன ஒரு அரிசி மில்லிலிருந்து பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தது அது. லாரி நுழைகிற வாசலுக்குச் செய்ததை ஒரு பிக்கப் வண்டிக்கு மாட்டியிருந்தார். அதன் ஸ்பிரிங் மில்லிலேயே செத்துவிட்டது. விடிந்ததும் பலாக்காயோ மிளகோ ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்ப வேண்டுமென்றால், குடும்பமே வரிசையாக நின்று 'ஏலே' என்று தூக்க வேண்டும். தூக்கியதும் இருசாயி ஒரு உலக்கையை முட்டுக் கொடுப்பாள். உலக்கை நழுவிய நாட்களும் உண்டு.

மோட்டார் வாங்கும் எண்ணம் அப்பாசாமிக்குத் தானாக வரவில்லை. அதற்குக் காரணம் அசோக்கின் கல்யாணம்.

அசோக்குக்கு முப்பது தாண்டிவிட்டது. ஒழுங்கான பையன். குடிக்க மாட்டான், வண்டியை நன்றாக ஓட்டுவான், மிளகுக்கொடியைத் தொட்டால் காய்க்கும். ஆனால் மலையில் வாக்கப்பட இப்போதெல்லாம் பெண்கள் தயாராக இல்லை. அப்படியும் ஒரு இடம் கூடி வந்தது. பெண்ணின் அத்தை வீடு பார்க்க வந்தாள். எல்லாம் பிடித்துத்தான் கிளம்பினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே, வண்டியில் கொண்டுபோய் விடலாம் என்று குடும்பமே போய் ஷட்டரைத் தூக்கியது. இருசாயியின் முந்தானை ஷட்டரில் சுருட்டிக்கொண்டு, அவளும் கூடவே கொஞ்சம் மேலே போனாள்.

அத்தைக்காரி பேயறைந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க புள்ள வந்தா அவளும் ஒரு கை புடிக்கோணுமாக்கும்?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தரகர் கலைமணி நேரில் வந்து தீர்ப்புச் சொன்னார். "மாப்பளகிட்டக் கொற ஒண்ணும் இல்லீங்க. கொறயெல்லாம் ஷட்டர்லதான். அது தானாத் தொறந்தாச் சொல்லுங்க, திண்ணனூர் நாட்டுல ஒரு எடம் இருக்குது, கூட்டியாறேன்."

அசோக்கும் தன் பங்குக்குச் சொல்லிவிட்டான். "இது ஒண்ணுதான். இதுவும் போச்சுன்னா இனி எவங்க முன்னாலயும் தலையச் சீவிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். பாத்துக்கங்க."

ஆகவே ஷட்டர் திறந்தாக வேண்டும். அதுவும் மலிவாகத் திறக்க வேண்டும்.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்று அப்பாசாமி கேட்டார்.

"பெரிய மோட்டார் மாத்தோணுங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

"மோட்டாருக்குப் பலம் பத்தலைன்னா, ஷட்டரோட பாரத்தைக் கொறச்சா ஆச்சு. அடியில நாலு பட்டையைக் கழட்டு."

சதீஷ்குமார் வேலைக்கு வந்த நாள் முதல் இப்படி ஒரு யோசனையைக் கேட்டதில்லை. ஆனாலும் கழற்றினான். மலையேறி வந்தவனுக்கு வெறுங்கையோடு இறங்க மனமில்லை.

ஷட்டர் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறியது, நெஞ்சு உயரத்துக்கு. ஆனால் மூடினால் தரையைத் தொடவில்லை. முழங்கால் உயரத்துக்கு அடியில் சந்து தெரிந்தது. அந்தச் சந்தை முதலில் கண்டுபிடித்தவை குரங்குகள். காலையில் இருசாயி போய்ப் பார்த்தபோது, வண்டியில் ஏற்றி வைத்திருந்த பலாப்பழங்களை ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் ஒரு பெரிய கடுவன். ஹாரன் மீது அதன் கை.

"ஏனுங்க," என்று அலறினாள். "உங்க மோட்டாரு நல்லாத் தொறக்குதுங்க. எல்லாருக்கும்."

அடுத்து ஸ்டெபிலைசர். மலையில் கரண்ட் பலவீனமாக வருகிறது, அதனால்தான் மோட்டார் திணறுகிறது என்று அப்பாசாமி முடிவுகட்டினார். யாரோ டி.வி.யோடு சேர்த்துத் தூக்கிப்போட்ட ஒரு பழைய ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து வைத்தார். ஆச்சரியம், ஷட்டர் முழுதாக மேலே போனது. ஆனால் அது போகும்போது வீட்டில் விளக்குகள் மங்கின, மிக்ஸியில் சட்னி பாதியில் நின்றது, ஃபேன் தலையைத் தொங்கப்போட்டது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்பாசாமி, நீ கதவத் தொறக்கறதுன்னா முன்கூட்டியே சொல்லு, நான் கரண்ட் அடுப்புல இருந்து சோத்த எறக்கி வெச்சுக்கறேன்!"

மிச்சமிருந்தது மோட்டாரோடு வந்த ரிமோட். அதை எங்கே வைப்பது என்பது பெரிய விஷயம். சுவரில் மாட்டினால் குரங்கு எடுத்துவிடும். அசோக்கிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவான். ஆகவே அப்பாசாமி அதை வேட்டி மடிப்பில் இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் குனிந்தால் ஷட்டர் ஏறியது, நிமிர்ந்தால் நின்றது, மறுபடி குனிந்தால் இறங்கியது. மரவள்ளிக்கு மண் அணைக்கும் நாளில் ஷட்டர் ஓயாமல் போய்வந்துகொண்டிருந்தது. எதனால் என்று அவருக்குத் தெரியாது. பேய் என்று இருசாயி வேப்பிலை கட்டினாள்.

இந்த நிலையில்தான் கலைமணியின் ஃபோன் வந்தது.

"அவங்க இந்த வாரம் எப்ப வேணாலும் வருவாங்க. யாரு என்னன்னு நான் இப்பச் சொல்லலை, வந்த காரியத்த அவங்களும் சொல்ல மாட்டாங்க. நீங்க எதையும் வாய்விட்டுக் கேட்டுப்புடாதீங்க."

இதை அப்பாசாமிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் வீட்டார் முதல் தடவை வீடு பார்க்க வரும்போது வந்த காரியத்தைச் சொல்வது வழக்கமில்லை. "போற வழியில வந்தோம்" என்பார்கள். தண்ணீர் கேட்பார்கள். சுற்றிப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர், "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டால் அதோடு போயிற்று, கேட்டவன் அவசரக்காரன், அந்த வீட்டில் பெண் கொடுக்கக் கூடாது. பிடித்திருந்தால் சாப்பிட்டு முடித்த பிறகு பேச்சு தானாக வரும். பிடிக்காவிட்டால் நல்ல தண்ணீர் என்று பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு பக்கமும் மானம் மிஞ்சும்.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறிய நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நல்ல பருமனான ஒரு மனிதர் இறங்கினார். பின்னாலேயே பட்டுப்புடவையில் ஒரு அம்மாள்.

"நான் காளியண்ணனுங்க. இது எம்பட ஊட்டுக்காரி, பொன்னம்மா. திண்ணனூர் நாட்டுப் பக்கம். போற வழியில வந்தோம். கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

அந்த ரோடு அப்பாசாமி வீட்டோடு முடிகிறது. அதற்கு அப்பால் போக வேண்டுமென்றால் பள்ளத்தில்தான் விழ வேண்டும்.

"வாங்க வாங்க, போற வழிதானுங்களே!" என்றார் அப்பாசாமி. இருசாயியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். அசோக் உள்ளே ஓடித் தலை சீவினான்.

காளியண்ணன் தண்ணீரைக் குடித்தார். அவர் கண் வீட்டின்மேல் இல்லை. மிளகுக்கொடி மேல் இல்லை. தலை சீவி வந்து நின்ற அசோக் மேலும் இல்லை. நேரே ஷட்டரின் மேல் இருந்தது.

"இது மோட்டாருங்களா?"

அப்பாசாமிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்த அத்தைக்காரி சொன்னது நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. அதனால்தான் வந்ததும் வராததுமாக ஷட்டரைக் கேட்கிறார்கள். நல்லவேளை, இப்போது மோட்டார் இருக்கிறது.

"மோட்டாரேதானுங்க. எங்க ஊட்டுல பொம்பளைங்க ஷட்டரத் தொடறதே இல்லீங்க."

"எங்க, தொறங்க பாக்கலாம்."

அப்பாசாமி இடுப்பிலிருந்து ரிமோட்டை எடுத்து அமுக்கினார். வீட்டுக்குள் ஃபேன் முனகியது. ஷட்டர் ஏறியது. பொன்னம்மாள், "அடேயப்பா!" என்று கன்னத்தில் கை வைத்தாள். காளியண்ணன் உள்ளே போய் அண்ணாந்து மோட்டாரைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"இப்ப மூடிக் காட்டுங்க. நான் உள்ள இருந்தே பாக்கறேன்."

அப்பாசாமி மறுபடி அமுக்கிவிட்டு ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டார். ஷட்டர் இறங்கியது. இறங்கி முடித்த நொடியில் கரண்ட் போயிற்று.

அசோக்கின் முகம் வெளுத்துவிட்டது. பெண்ணைப் பெற்றவரை உள்ளே போட்டுப் பூட்டிய மாப்பிள்ளை வீடு இந்த மலையிலேயே இதுதான்.

உள்ளேயிருந்து காளியண்ணனின் குரல் நிதானமாக வந்தது. "ஏனுங்க, கரண்ட் போனா கையில தொறக்க ஏதோ செயின் இருக்குமாமே?"

"அது வந்துட்டு இருக்குதுங்க," என்றார் அப்பாசாமி.

"எங்கிருந்துங்க?"

"கடையில இருந்துங்க."

இருசாயி அவரைப் பார்த்த பார்வையில் பச்சை மிளகு காய்ந்து கறுத்திருக்கும். அசோக் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தான். மோட்டாரின் பிடியில் அது அசையவில்லை. வண்டியின் ஜாக்கியை அடியில் கொடுத்துத் தூக்கலாம் என்றான். ஜாக்கி வண்டியில் இருந்தது. வண்டி உள்ளே, காளியண்ணனோடு இருந்தது.

"நீங்களே ஜாக்கிய எடுத்துக் குடுங்க மாமா," என்று சொல்லிவிட்டு அசோக் நாக்கைக் கடித்துக்கொண்டான். இன்னும் பேச்சே ஆரம்பிக்காத இடத்தில் மாமா என்று கூப்பிட்டாகிவிட்டது.

"வண்டி பூட்டியிருக்குது தம்பி," என்று உள்ளிருந்து பதில் வந்தது. "சாவியெல்லாம் தேட வேண்டாம், பரவால்ல. அடியில சந்து இருக்குதல்ல, நான் அதுலயே வந்தர்றேன்."

"வேண்டாமுங்க!" என்று பொன்னம்மாள் கத்துவதற்குள் இரண்டு கால்கள் வெளியே வந்துவிட்டன. பிறகு தொடைகள் வந்தன. வயிறு வரவில்லை.

அப்பாசாமி ஒரு காலைப் பிடித்தார். அசோக் இன்னொரு காலைப் பிடித்தான். ஷட்டரைத் தூக்கும்போது சொல்லிப் பழகிய 'ஏலே' தானாகவே வாயில் வந்தது. வயிறு ஒரு விரல்கடை நகர்ந்தது. வேட்டி உள்ளேயே தங்கிவிடப் பார்த்தது. பொன்னம்மாள் பாய்ந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்ச உள்ள இழுங்க!" என்றாள்.

"இழுத்தாச்சுடி!"

"இன்னும் இழுங்க!"

"இதுக்கு மேல இழுத்தாச் செத்துருவேன்!"

நல்ல பிடி வேண்டுமே என்று அப்பாசாமி இன்னும் குனிந்தார். அதே நேரம் கரண்ட் வந்தது. ஷட்டர் விருட்டென்று மேலே ஏறியது. கூடவே காளியண்ணனின் சட்டையும் ஏறியது. பட்டன்கள் நாலா பக்கமும் சிதற, அவர் வெறும் பனியனோடு மல்லாக்க வெளியே வந்து விழுந்தார். அப்பாசாமி அவருடைய காலோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தார்.

மேலே ஷட்டர் உருளையில் சட்டை கொடி மாதிரி ஆடியது. வேப்பிலைக்கு வேலையில்லை என்பது இருசாயிக்கு அப்போதுதான் விளங்கியது. கணவரின் இடுப்பையே பார்த்தாள்.

சம்பந்தம் போச்சு என்று அப்பாசாமிக்குத் தெரிந்துவிட்டது. மகன் பக்கம் திரும்ப அவருக்குத் துணிவு வரவில்லை.

காளியண்ணன் எழுந்து உட்கார்ந்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார். திட்டவில்லை, கிளம்பவில்லை. அண்ணாந்து ஷட்டரைப் பார்த்து, "கரண்ட் வந்ததும் உடனே எடுக்குது. அது நல்லாருக்குது," என்றார்.

அப்பாசாமிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இத்தனைக்குப் பிறகும் கோபப்படாத ஒரு மனிதர். இப்படிப்பட்டவர் வளர்த்த பெண் எப்படியிருப்பாள்?

கோழிக்குழம்பு தயாரானது. அசோக்கின் சட்டை ஒன்று காளியண்ணனுக்குத் தோளோடு நின்றது, பட்டன் எட்டவில்லை. அவர் அதைப் போட்டுக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். இடையிடையே கேள்விகள் வந்தன. எந்தக் கடை, ரிப்பேர் என்றால் வருவார்களா, மழைநாளில் ஷாக் அடிக்குமா. அப்பாசாமி ஒவ்வொன்றுக்கும் பவ்யமாகப் பதில் சொன்னார். பெரிய மோட்டாராக மாற்றிவிடப் போவதாகவும் சொன்னார். சொல்லும்போது அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது. வாழ்நாளில் விலை அதிகமானதை அவர் தானாக வாங்கச் சம்மதித்தது அதுதான் முதல் தடவை.

"செயினும் போட்டர்றேனுங்க," என்றார் துணிந்து. "வர்ற புள்ள கஷ்டப்படக் கூடாதல்லங்க."

"நியாயந்தானுங்க," என்று பொன்னம்மாள் தலையாட்டினாள். "வர்ற புள்ளைகளுக்கு இந்தக் காலத்துல எல்லாஞ் சௌரியமா இருக்கோணும். இல்லாட்டி எட்டிப் பாக்க மாட்டாளுக."

அசோக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் நெடுநாளாகக் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. வெற்றிலைத் தட்டை எடுத்து வைக்க அவனே போனான். இருசாயி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்தது. கை கழுவியாயிற்று. பேச்சு தானாக வரவேண்டிய நேரம் இதுதான். அப்பாசாமி காத்திருந்தார். காளியண்ணன் ஏப்பம் விட்டார். பொன்னம்மாள் வெற்றிலை மடித்தாள். பேச்சு வரவில்லை. காளியண்ணன் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அப்பாசாமிக்குப் பொறுக்கவில்லை. கேட்கக் கூடாது என்பது வழக்கம். ஆனால் இவர்கள் கூச்சப்படுகிறார்கள், நாம்தான் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அதுவும் கேள்வியாகக் கேட்கவில்லையே, சம்மதமாகச் சொல்லிவிடலாம்.

"எங்களுக்கு முழுச் சம்மதமுங்க," என்றார். "பொண்ணை எப்பப் பாக்க வரட்டுமுங்க?"

காளியண்ணன் ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"எந்தப் பொண்ணுங்க?"

"உங்க பொண்ணுதானுங்க. எங்க அசோக்குக்கு."

காளியண்ணனும் பொன்னம்மாளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெற்றிலை பொன்னம்மாளின் வாய்வரை போய் நின்றது. சற்று முன் ஷட்டர் சுருட்டியபோதுகூட அந்த மனிதர் இவ்வளவு திகைக்கவில்லை.

பொன்னம்மாள்தான் சொன்னாள். "எங்களுக்குப் பொண்ணே இல்லீங்களே சாமி! ஒரே பையன், அவனுக்கும் 'இந்த ஷட்டர யாரு தூக்கறது'ன்னு பொண்ணு ஊட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. உங்க ஊட்டுல மோட்டாரக் காட்டித்தான் பொண்ணு முடிச்சீங்கன்னு சதீஷ்குமாரு சொன்னாப்ல, அதான் வாங்கறதுக்கு முன்னால ஒரு நடை பாத்துட்டுப் போலாமுன்னு வந்தோம்!"

அசோக் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தான். அப்பாவின் இடுப்பிலிருந்து ரிமோட்டை உருவிக்கொண்டு ஷெட்டுக்குள் போனான். ஷட்டர் எங்கேயும் நிற்காமல், திணறாமல், ஒரே ஓட்டமாக இறங்கியது. உள்ளே பூட்டு விழுந்தது.